ஆர் என்ற எழுத்து

2020, 2021 இரண்டு வருடமும் தமிழ்நாட்டில் சாயங்காலம் என்றால் ஒரு எண். இன்றைய தொற்று இத்தனை, டிஸ்சார்ஜ் இத்தனை, இறப்பு இத்தனை என்று மாவட்டவாரியாக ஓர் அட்டவணை. டீ ஆறுவதற்குள் வாட்ஸப்பில் வந்துவிடும். “மதுரை எவ்வளவு?” என்று கேட்காத ஆள் கிடையாது. பயத்துக்கு ஒரு நேரம் இருந்தது, ஒரு எண் இருந்தது, ஒரு பெயரும் இருந்தது. மூன்று வயதுக் குழந்தைகூட ‘கொரோனா’ என்று சரியாகச் சொன்னது.

நான் வேலை பார்க்கிற துறையில் அந்த மூன்றும் கிடையாது.

மதுரையில் ஒரு தனியார் லேபில் கல்ச்சர் பிரிவில் இருக்கிறேன். மூத்திரம், சளி, சீழ், ரத்தம் இவற்றில் என்ன முளைக்கிறது என்று பார்ப்பதும், முளைத்ததை எந்த மருந்து கொல்லும் என்று சொல்வதும்தான் வேலை. கல்யாணப் பேச்சில் “பொண்ணு என்ன பண்ணுது?” என்று கேட்டால் அம்மா “லேப்ல இருக்கா” என்று சுருக்கமாக முடித்துக்கொள்வாள். மூத்திரம் வரைக்கும் போக மாட்டாள்.

இந்த வேலையில் ஒரு அழகு உண்டு. தட்டையான வட்டத் தட்டில் வெளிர் மஞ்சள் நிறத்தில் ஜெல்லி. அதன் மேல் பாக்டீரியாவைப் பஞ்சால் சீராகப் பூசி, மருந்து ஏற்றிய சின்னச் சின்னக் காகித வட்டுகளைப் பதிப்போம். ஒவ்வொரு வட்டும் 6 மில்லிமீட்டர். 35 டிகிரி சூட்டில் ஒரு ராத்திரி. காலையில் எடுத்தால், தட்டு முழுக்கப் பாசி படர்ந்த மாதிரி பாக்டீரியா. மருந்து வேலை செய்த இடத்தில் மட்டும் வட்டைச் சுற்றித் தெளிவான ஒரு வளையம். அந்த வளையத்தை அளப்போம். மெரோபெனம் என்கிற பெரிய மருந்துக்கு 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் எஸ், மருந்து கேட்கும். 19ஓ அதற்குக் கீழோ என்றால் ஆர், கேட்காது. நடுவில் விழுந்தால் ஐ.

வளையமே விழாவிட்டால் 6 என்று எழுதுவோம். அது அந்தக் காகிதத்தின் அகலம். மருந்தின் வாசற்படி வரைக்கும் வந்து பாக்டீரியா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெரோபெனத்துக்கு 6 விழுந்தால் சீனியரைக் கூப்பிட்டுக் காட்டுவோம், திரும்ப ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையின் கணவர். டூரிஸ்ட் வேன் வைத்திருந்தார். சபரிமலை, பழனி, கொடைக்கானல், வேளாங்கண்ணி. என்னை ‘மருமகளே’ என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. 2021 மே மாதம் கொரோனா வந்து, ஆக்ஸிஜன் 84க்கு இறங்கி, பதினோரு நாள் படுக்கையில் இருந்து பிழைத்தார். வீடு திரும்பிய அன்று தெருவே வாசலில் நின்றது. அத்தை பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். ஒருத்தர் பிழைத்து வந்தால் ஊருக்கே ஒரு தெம்பு, அந்த மாதிரி காலம் அது.

அடுத்த வருடம் செப்டம்பரில் வேன் கேரியரில் லக்கேஜ் கட்டும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்தார். இடது தொடை எலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. சுகர் இருந்ததால் இரண்டு நாள் கூடுதலாக இருக்கச் சொன்னார்கள். மூத்திரம் போக டியூப். ஆறாம் நாள் குளிர் காய்ச்சல். எட்டாம் நாள் ஐசியு. அத்தை மகன் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். ‘இது நல்லா இருக்கா பாரு.’

ரத்தத்தில் கிளப்சியெல்லா நிமோனியே. கீழே பதினெட்டு மருந்துகளின் பட்டியல். பதினேழுக்கு நேரே ஆர், ஆர், ஆர். கடைசி வரி கொலிஸ்டின். அதற்கு நேரே ஐ.

“ஐன்னா என்ன? நல்லதா?”

“கொடுக்கலாம்னு அர்த்தம்.”

அவனுக்கு அது போதுமாக இருந்தது. அந்த ‘ஐ’யின் கதை எனக்குத் தெரியும். கொலிஸ்டின் 1950களில் புழக்கத்துக்கு வந்து, கிட்னியைக் கெடுக்கிறது என்று 1970களில் ஓரங்கட்டப்பட்ட மருந்து. மற்றவை கைவிட்ட பிறகு பரணிலிருந்து பழைய அண்டாவை இறக்குவது மாதிரி அதைத் திரும்ப இறக்கினார்கள். லேப்கள் பின்பற்றும் அளவுகோல்களை வெளியிடும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐ, 2020இல் இந்த வகை பாக்டீரியாவைப் பொறுத்தவரை கொலிஸ்டினுக்கு ‘எஸ்’ என்ற பிரிவையே எடுத்துவிட்டது. இந்த மருந்து கேட்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்பதுதான் காரணம். ஆக, கொலிஸ்டினுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச மார்க்கே ‘ஐ’தான். பதினெட்டு பாடத்தில் பதினேழு ஃபெயில், பதினெட்டாவதில் பாஸ் மார்க்கே கிடையாது.

பதினான்காம் நாள் மாமா போய்விட்டார். சர்டிஃபிகேட்டில் இதயமும் சுவாசமும் நின்றது என்று இருந்தது. யாருக்குத்தான் அது நிற்காமல் சாவு வரும்?

வந்தவர்களுக்கெல்லாம் அத்தை ஒன்றையே சொன்னாள். “கொரோனாலயே பொழச்சு வந்த மனுசன். கால் ஒடிஞ்சா யாராச்சும் சாவாங்களா?” டாக்டர் அவளிடம் “ரத்தத்துல கிருமி கலந்துருச்சும்மா” என்றிருக்கிறார். சரியான வார்த்தைதான். ஆனால் அந்தக் கிருமியை மருந்து ஏன் கொல்லவில்லை என்பதற்கு நம்மிடம் புழங்குகிற சொல் இல்லை. கொரோனா சாவு என்றால் ஊருக்குப் புரியும், அரசாங்கம் கணக்கு வைக்கும். இதற்குத் துக்க வீட்டில் கிடைத்தது ‘விதி’ என்ற ஒரே சொல். இரண்டாவதாகச் சொன்னது, குரலைத் தாழ்த்தி, ‘ஆஸ்பத்திரிக்காரன் பணத்துக்காக வச்சிருந்தான்.’

சொல் இல்லை என்பதைச் சும்மா சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பெரியப்பாவுக்கு விளக்கப் பார்த்தேன். ஆன்டிபயாடிக்குக்கு எதிர்ப்பு வந்துவிட்டது என்றேன். “எதிர்ப்பு சக்தி வந்தா நல்லதுதானம்மா?” என்றார். அவர்மேல் தப்பில்லை. இரண்டு வருடமாக எதிர்ப்பு சக்திக்குக் கபசுரக் குடிநீர் குடி, நெல்லிக்காய் சாப்பிடு என்று கேட்டுப் பழகிய காது. பாடப்புத்தகத் தமிழில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்கு எதிரான எதிர்ப்புத்திறன்’ என்று மூன்று எதிர்ப்புகளைக் கோத்து எழுதுகிறோம். யார் யாரை எதிர்க்கிறார்கள் என்று எழுதியவருக்கே குழம்பிவிடும். நம் உடம்புக்கு ஒன்றும் பழகிப்போகவில்லை, கிருமிதான் பழகிக்கொண்டது. அந்த ஒரு வரியைச் சொல்ல மூன்று முறை முயன்று, நாலாவது முறை கொசுவர்த்தியை வைத்து விளக்கினேன். இப்போதெல்லாம் கொசு அதன் மேலேயே உட்காருகிறது இல்லையா, அந்த மாதிரி. பெரியப்பா தலையாட்டினார்.

எண் இல்லை என்று சொன்னேன். உலக அளவில் இருக்கிறது, சாயங்காலம் சொல்ல ஆள்தான் இல்லை. 2022 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2019ஆம் வருடத்தில் மட்டும் மருந்து கேட்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர். அந்தத் தொற்று ஏதாவது ஒரு விதத்தில் சம்பந்தப்பட்ட சாவுகள் 49.5 லட்சம். 2019 என்பதைக் கவனியுங்கள். கொரோனாவுக்கு முந்தைய, எல்லாம் சாதாரணமாக இருந்ததாக நாம் நினைக்கிற வருடம். 2024இல் அதே குழுவினர் கணக்குப் போட்டு, 2025 முதல் 2050 வரை நேரடிச் சாவுகள் 3.9 கோடி இருக்கலாம் என்றார்கள்.

கொரோனாவோடு ஒப்பிட்டால்? 2020, 2021 இரண்டு வருடங்களில் வழக்கத்தைவிட அதிகமாக நேர்ந்த சாவுகள் 1.49 கோடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வேகத்தில் வைரஸை அடிக்க முடியாது. எங்கள் துறைக்காரர்கள் சிலர் ‘அடுத்த பெருந்தொற்று இதுதான்’ என்று மேடையில் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். இது அப்படி வராது. கொரோனா வெள்ளம் மாதிரி வந்தது, பார்த்தவன் ஓடினான். இது நிலத்தடி நீர் இறங்குவது மாதிரி. எந்த நாளில் கிணறு வற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. மீதி வீடுகளில் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு வித்தியாசம் உண்டு. கொரோனாவைத் தடுக்க முடிந்தது நம்மிடம் இல்லாத ஒன்றைச் செய்து. வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. அதே டிசம்பரில் பிரிட்டனில் சோதனைக்கு வெளியே பொதுமக்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வருடம்கூட இல்லை. பாக்டீரியா விஷயத்தில் இருந்த ஒன்றை இழந்துகொண்டிருக்கிறோம். இழப்பது பென்சிலின் மாத்திரையை மட்டும் இல்லை. சிசேரியன், மூட்டு மாற்று, கீமோதெரபி, குறைமாதக் குழந்தையின் இன்குபேட்டர், எல்லாமே ‘கிருமி வந்தாலும் மருந்து இருக்கிறது’ என்ற தைரியத்தின் மேல் கட்டியவை. தொடை எலும்பு ஆபரேஷனும்தான்.

பாக்டீரியாவுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. வைரஸில் ஒரு மாற்றம் வந்தால் பெரும்பாலும் அது அதன் வாரிசுகளுக்குத்தான் போகும். பாக்டீரியா தன் பிள்ளைக்கும் கொடுக்கும், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கொடுக்கும், வேறு சாதிக்காரனுக்கும் கொடுக்கும். பிளாஸ்மிட் என்று வளையம் மாதிரி ஒரு டிஎன்ஏ துண்டு. மருந்தை உடைக்கிற வித்தை அதில் எழுதியிருக்கும். கிளப்சியெல்லாவிடமிருந்து ஈ.கோலை அதை வாங்கிக்கொள்ளும். ஒரே துண்டில் நாலைந்து மருந்துக்கான வித்தை இருப்பதும் சகஜம். அதனால் ஒரு மருந்தைத் தப்பாகப் பயன்படுத்தினால், தொடவே தொடாத இன்னொரு மருந்தும் சேர்ந்து போகும்.

இந்த வித்தைகளில் பேர்போன ஒன்றுக்கு நம் நாட்டுப் பெயர். என்டிஎம்-1. இதில் ‘என்டி’ என்றால் நியூ டெல்லி. 2008இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் கண்டுபிடித்தார்கள். அவர் அதற்குமுன் டெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். 2010இல் ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்’ இதழில் பெரிய கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்ற இளம் ஆய்வாளர். அதில் சென்னையிலிருந்து 44 மாதிரிகள், ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37. நாடு கொந்தளித்தது, கிருமியைப் பார்த்து இல்லை, பெயரைப் பார்த்து. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் சதி என்றார்கள். அடுத்த வருடம் டெல்லியில் தெருவோரம் தேங்கிய தண்ணீரில் 171 மாதிரிகள் எடுத்துப் பார்த்ததில் 51இல் அந்த மரபணு இருந்தது. குடிநீர் மாதிரி 50இல் 2. ஊர்ப் பெயரை வைத்தது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். நாங்கள் கல்லூரியில் அதைப் படித்தபோது வகுப்பில் கோபப்பட்டோம். ஆனால் கோபப்பட்டு முடிந்த பிறகும் கிருமி அங்கேயே இருந்தது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தன. 2014 மார்ச்சிலிருந்து சில முக்கிய ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும் என்ற ஷெட்யூல் எச்1 விதி அமலானது.

விதி இருக்கிறது. ‘செட் மாத்திரை’யும் இருக்கிறது. எங்கள் தெருமுனை மெடிக்கலில் நின்று பாருங்கள். “அண்ணே, காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க.” ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு கேஸ் மாத்திரை, கத்தரித்து ஒரு கவரில். இரண்டு வேளைக்கு. முழு கோர்ஸ் வாங்க முடியாதவருக்கு இரண்டு வேளை வைத்தியம். 1945இல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே அலெக்சாண்டர் ஃபிளெமிங், பென்சிலின் கடையில் சும்மா கிடைக்கிற காலம் வந்தால் குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமியைப் பழக்கிவிடுவார்கள் என்று எச்சரித்தார். நம் தெருமுனையைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கும்.

ஆனால் மெடிக்கல்காரரையும் கூலிக்காரரையும் திட்டுவதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடுவதுதான் எனக்கு எரிச்சல். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டோக்கன் எடுத்து உட்கார முடியாதவர் இரண்டு வேளை மாத்திரை வாங்குகிறார். அவரைவிடப் பெரிய கணக்குகள் இருக்கின்றன. ஹைதராபாத் பக்கம் பட்டஞ்சேருவில் மருந்து ஆலைக் கழிவுகளைச் சுத்திகரிக்கிற ஒரு நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரில், சிப்ரோஃப்ளாக்சசின் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகமாக இருந்ததை 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கொலிஸ்டின், என் மாமாவுக்குக் கடைசியாக மிஞ்சிய அதே கொலிஸ்டின், கோழி சீக்கிரம் எடை போடத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்த பொருள். 2015இல் சீனாவில் பன்றிகளிடம், கொலிஸ்டினை ஏமாற்றும் வித்தை பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது 2019 ஜூலையில். மாமாவுக்கு வந்தது தெருவிலிருந்து வந்த கிருமியாகவும் இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு நர்ஸ் ராத்திரியில் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார், ஒரு கட்டிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கை கழுவ அவருக்கு நேரம் இருந்ததா, டியூப் தேவைக்கு மேல் எத்தனை நாள் இருந்தது, இதையெல்லாம் ‘பொதுமக்கள் விழிப்புணர்வு’ போஸ்டர் கேட்பதில்லை.

புது மருந்து கண்டுபிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். அக்காஜென் என்ற அமெரிக்கக் கம்பெனி கண்டுபிடித்தது. பிளாசோமைசின். 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் கம்பெனி திவால். நல்ல புது ஆன்டிபயாடிக் வந்தால் டாக்டர்கள் அதைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும், முடிந்தவரை எழுதக்கூடாது. அதுதான் அறம். விற்காத சரக்கை எந்த முதலாளி செய்வான்? சுகர் மாத்திரை ஆயுள் முழுக்க விற்கும், ஆன்டிபயாடிக் ஏழு நாள்.

வைரஸா பாக்டீரியாவா என்று இரண்டு வரிசை போட்டு நிறுத்துவதும் சரியில்லை என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே கட்டிலில்தான் படுக்கின்றன. 1918 ஃப்ளூவில் செத்தவர்களின் பாதுகாத்து வைத்த நுரையீரல் திசுக்களைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, பெரும்பாலோரை முடித்தது வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா என்று தெரிந்தது. வைரஸ் கதவைத் திறந்துவிட்டது, உள்ளே வந்தது வேறு ஆள். அப்போது ஆன்டிபயாடிக் கிடையாது. கொரோனாவின்போது ஐசிஎம்ஆர் 10 மருத்துவமனைகளில் 17,534 நோயாளிகளைப் பார்த்தது. அவர்களில் 3.6 சதவீதம் பேருக்குத்தான் ஆஸ்பத்திரியில் இரண்டாவதாக பாக்டீரியாவோ பூஞ்சையோ தொற்றியது. அப்படித் தொற்றியவர்களில் பாதிக்கு மேல், 56.7 சதவீதம், இறந்துபோனார்கள். அதிகம் கண்ட கிருமி கிளப்சியெல்லா. அதே சமயம், உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொன்னது இது: ஆஸ்பத்திரியில் இருந்த கொரோனா நோயாளிகளில் பாக்டீரியா தொற்று இருந்தது 8 சதவீதம் பேருக்கு, ஆன்டிபயாடிக் கொடுத்தது நாலில் மூன்று பேருக்கு. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. அதற்கு உடைக்கச் செல் சுவரும் கிடையாது. ஆனாலும் 2021இல் எங்கள் ஏரியாவில் அசித்ரோமைசின் கிடைக்காமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் என்னிடம் யார் கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லி அவர்கள் கேட்டிருக்கப் போவதில்லை.

அடுத்த முறை ஒரு ஃப்ளூ அந்த மாதிரி வந்தால், வைரஸுக்கான தடுப்பூசியை மறுபடியும் ஒரு வருடத்தில் செய்துவிடுவார்கள் என்றே நம்புகிறேன். வென்டிலேட்டரில் ஐந்தாம் நாள் வருகிறவனுக்கு என்ன வைத்திருப்போம் என்பதுதான் எனக்குள் ஓடுகிற கேள்வி.

வருடக் கடைசியில் எங்கள் லேபில் ஒரு அட்டவணை போடுவோம். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து நூற்றுக்கு எத்தனை தடவை கேட்டது என்று. சாம்பிள் அனுப்புகிற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அனுப்புவோம். சுவரில் ஒட்டுகிறார்களா, டிராயரில் போடுகிறார்களா, தெரியாது. போன மாதம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து டியூட்டி டாக்டர் போன் செய்தார். குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து வயதுப் பையன்.

“மேடம், உங்க சார்ட்டைப் பார்த்துட்டுத்தான் கூப்பிடறேன். ஒரு அம்மா, அறுபத்தேழு வயசு, நீர்க்கடுப்பு. காய்ச்சல் இல்ல, பிபி எல்லாம் நார்மல். வீட்டாளுங்க பெரிய ஊசியா போடுங்கன்றாங்க. கல்ச்சர் எப்ப வரும்?”

“நேத்து ராத்திரி வந்த சாம்பிள்தானே டாக்டர்? முளைச்சிருக்கு. வட்டு வச்சாச்சு. நாளைக்குக் காலைல பத்து மணி.”

“அப்ப அதுவரைக்கும் ஒண்ணும் ஆரம்பிக்காம சமாளிக்கறேன்.”

மறுநாள் ஒன்பதே காலுக்குத் தட்டை வெளியே எடுத்தேன். ஈ.கோலை. சிப்ரோஃப்ளாக்சசின் 6. செஃப்ட்ரியாக்சோன் 6. நைட்ரோஃபுரன்டாயினைச் சுற்றி நல்ல அகலமான வளையம், 22. பழைய மாத்திரை, விலையும் குறைவு. எஸ் என்று எழுதிவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.